விலை குறைந்த எளிய பேனாக்கள்: வடிவமும் பிடிப்பும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் ஏழெட்டுப் பக்கம் கையால் எழுதுகிறவன் நான். மேஜையில் எப்போதும் பத்துப் பதினைந்து பேனா கிடக்கும், அதில் முக்கால்வாசி தொலைந்துபோனாலும் மனசு அடித்துக்கொள்ளாத விலையில் வாங்கியவை. ஒரே நிறத்தில், அலங்காரம் எதுவும் இல்லாமல், பார்க்க வெறும் குழாய் மாதிரி இருக்கும் பேனாக்கள் இப்போது நிறைய வருவதால், எதை வாங்கலாம், நல்லதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எளிய வடிவமைப்பு என்றால் அலங்காரம் இல்லாமல் இருப்பது, அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. கைக்கு வேண்டாததை எடுத்துவிட்டதால் வந்த எளிமை ஒன்று. படத்தில் அழகாகத் தெரியட்டும் என்று கைக்கு வேண்டியதையும் சேர்த்து வழித்துப் போட்ட எளிமை இன்னொன்று. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், எழுத உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

முதல் வகைக்கு நான் எப்போதும் காட்டுவது பிக் கிறிஸ்டல். 1950-இல் பிரான்சில் வந்த பால் பாயின்ட் பேனா, உலகத்தில் பெரும்பாலானவர்கள் ஒரு தடவையாவது கையில் பிடித்திருப்பார்கள். பென்சில் மாதிரி ஆறு பட்டை உடல், அதனால் மேஜையில் உருளாது. மூன்று விரலால் பிடித்தால் ஒன்று விட்டு ஒரு பட்டையில் ஒவ்வொரு விரலும் தானாகப் போய் உட்காரும். உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் மை எவ்வளவு மிச்சம் என்று தெரியும். உடலின் பக்கவாட்டில் ஊசி குத்தினாற்போல ஒரு சின்னத் துளை இருக்கிறதே, அது உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கு. மூடியின் உச்சியில் இருக்கும் ஓட்டை 1991-இல் வந்தது, யாராவது குழந்தை மூடியை விழுங்கித் தொண்டையில் மாட்டிக்கொண்டாலும் கொஞ்சமாவது மூச்சு போய்வர வேண்டும் என்பதற்காக. நியூயார்க்கில் இருக்கும் நவீன கலை அருங்காட்சியகம் இந்தப் பேனாவைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. அதில் எந்தப் பாகத்தைத் தொட்டுக் காட்டினாலும், அது அங்கே ஏன் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது வகை? கிளிப் இல்லாத, வழவழப்பான, உருண்டையான ஒரு வெள்ளைக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். வைத்த இடத்தில் நிற்காமல் உருண்டு தரையில் விழும், அதுவும் பெரும்பாலும் முனை கீழே வருகிற மாதிரி விழும். பால் பாயின்ட் பேனாவுக்கு அதைவிடக் கெட்டது எதுவும் இல்லை. ஒரு சின்னப் பட்டையோ மூடியில் ஒரு மேடோ கொடுத்திருந்தால் பேனா பிழைத்திருக்கும்.

ஒரு பேனாவைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முனையிலிருந்து மேலே ஒரு 3 செ.மீ. அந்த இடத்தைத்தான். விரல்கள் வாழும் இடம் அது. மேலே கிளிப் எப்படி இருக்கிறது, பட்டன் என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம்.

முனைக்கூம்பும் உடலும் சேரும் இடத்தில் பல பேனாக்களில் மெல்லிய ஒரு படி இருக்கும். கண்ணுக்கு ஒரு கோடு மாதிரிதான் தெரியும். கட்டைவிரல் நகத்தை அதன்மேல் குறுக்காக ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டினால் படி இருக்கிறது என்று அர்த்தம். அது உங்கள் ஆள்காட்டி விரலுக்கு அடியில் வருகிறதா, அல்லது விரலுக்கு மேலேயோ கீழேயோ தள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரலுக்கு நேர் அடியில் வந்தால் அந்தப் பேனாவை விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. என்னிடம் சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது, பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கம் எழுதினால் நடுவிரலின் பக்கவாட்டில், காய்ப்பு இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கத்தி வைத்துக் கீறியதுபோல ஒரு சிவப்புக் கோடு விழும். ஒரு மாதம் பழகிப் பார்த்தும் கோடு போகவில்லை, பேனாதான் போனது.

நீங்கள் எந்த உயரத்தில் பிடிக்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். முனையை ஒட்டிப் பிடிக்கிறவருக்குத் தொல்லை தரும் பேனா, மேலே தள்ளிப் பிடிக்கிறவருக்குச் சுகமாக இருக்கும். அதனால் யார் புகழ்ந்தாலும் அவர் எங்கே பிடிக்கிறார் என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

மெல்லிய பேனா நல்லதா, தடித்த பேனா நல்லதா?

மெல்லியது பார்க்க அழகு, தடித்தது பிடிக்கச் சுகம். எளிய பேனாக்களில் பாதிக்கு மேல் மெல்லியதாக வருவது அழகு கருதித்தான். பேனா மெலிய மெலிய விரல்கள் ஒன்றையொன்று நெருங்கி அதை இடுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், அந்த இடுக்கல் கட்டைவிரலின் அடிச்சதையில் போய் வலியாக நிற்கும். பிடிக்கும் இடத்தில் 8 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஒரு பக்கக் கடிதத்துக்குச் சரி, பரீட்சைக்கோ நீளமான குறிப்புகளுக்கோ நான் எடுக்கமாட்டேன். 10 அல்லது 11 மி.மீ. எனக்குப் பொருந்துகிறது. என் கை கொஞ்சம் பெரியது. சின்னக் கைக்கு 9 போதுமாக இருக்கலாம்.

எடை அதிகமாக இருந்தால் தரம் அதிகம் என்கிறார்களே?

உலோகப் பேனாவைக் கையில் வாங்கியதும் ஒரு கனம் தெரியும், அந்தக் கனத்தைத் தரம் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. எழுதுவதற்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. சாதாரண பிளாஸ்டிக் பேனா ஐந்தாறு கிராம் இருக்கும், உலோக உடல் வந்தால் 20 கிராமைத் தாண்டும். என்னைக் கேட்டால், எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பேனாவை ஆள்காட்டி விரல்மேல் குறுக்காக வைத்து, இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த இடம் நடுவிலோ நடுவுக்குச் சற்று முன்னாலோ இருந்தால் நல்லது. பின்பக்கம் தள்ளியிருந்தால் பேனா கட்டைவிரல் இடுக்கில் சாய்ந்து பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும், முனையைத் தாளில் வைத்துக்கொள்வதற்கே விரல்கள் வேலை செய்யவேண்டி வரும்.

மூடியைக் கழற்றிப் பின்னால் செருகி எழுதும் பழக்கம் இருந்தால், செருகிய பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பல எளிய பேனாக்கள் மூடி இல்லாமல் அருமையாக இருக்கும், செருகியதும் வால் கனத்துவிடும்.

ரப்பர் பிடி இல்லாத பேனாவில் எழுதினால் கை வலிக்காதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கை வலிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அழுத்தம், அந்த அழுத்தத்தை உங்களிடம் கேட்பது உள்ளே இருக்கும் மை. சாதாரண பால் பாயின்ட் மை எண்ணெய்ப் பசை கொண்டது, கெட்டியானது, முனையில் இருக்கும் குண்டை அழுத்தி உருட்டினால்தான் தாளில் இறங்கும். ஜெல் மை தண்ணீர் சார்ந்தது. சும்மா இருக்கும்போது கெட்டியாக இருந்து, குண்டு சுழலும்போது மட்டும் இளகிக்கொடுக்கும் குணம் அதற்கு உண்டு, அதனால் லேசாகத் தொட்டாலே ஓடும். ஜப்பானின் சகுரா நிறுவனம் 1984-இல் முதல் ஜெல் பேனாவைக் கொண்டுவந்ததே கை எழுத்துக்குப் பெரிய விடுதலை என்று நான் நினைக்கிறேன். யூனிபால் ஜெட்ஸ்ட்ரீம் மாதிரி பேனாக்களில் எண்ணெய் மையையே இளக்கித் தருகிறார்கள், அதுவும் அழுத்தத்தை நன்றாகக் குறைக்கும்.

நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று தெரியவேண்டுமா? ஒரு பத்தி எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். எழுத்து புடைத்துக்கொண்டு தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். அதே பத்தியை இன்னொரு பேனாவால் எழுதித் தடவுங்கள். புடைப்பு குறைந்தால் அந்த மைதான் உங்கள் கைக்கு ஏற்றது, ரப்பர் இருக்கிறதா இல்லையா என்று கவலைப்படவே வேண்டாம்.

ரப்பரைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. பட்டுப்போல மென்மையான பூச்சு போட்ட கறுப்புப் பேனா ஒன்றை ஆசையாக வாங்கி இழுப்பறையில் வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து எடுத்தால் உடம்பெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியது, துடைக்கத் துடைக்கக் கறுப்பு கையில் வந்ததே தவிரப் பிசுக்கு போகவில்லை. அந்த மாதிரிப் பூச்சும் சில மென்ரப்பர்களும் காலப்போக்கில் வியர்வை, வெப்பம், ஈரம் பட்டு இப்படி இளகிவிடும். பளபளப்பு இல்லாத சொரசொரப்புப் பிளாஸ்டிக்கோ, பிடிக்கும் இடத்தில் மெல்லிய வரிகளோ போதும். விரல் வியர்க்கிறவர்கள் மெருகு ஏற்றிய உலோகப் பேனாவை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நழுவாமல் இருக்க இறுக்கிப் பிடித்தே கை ஓய்ந்துவிடும்.

0.38, 0.5, 0.7 என்று போட்டிருக்கிறதே, எதை எடுப்பது?

அந்த எண் குண்டின் குறுக்களவு, மி.மீ. கணக்கில். தாளில் விழும் கோடு அதைவிடக் குறுகலாகத்தான் இருக்கும், ஒரே அளவுக் குண்டாக இருந்தாலும் ஜெல் கொஞ்சம் பட்டையாகவும் எண்ணெய் மை மெல்லியதாகவும் விழும்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிக் கணக்கு இருக்கிறது. நம் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம். சின்ன எழுத்தாக எழுதுகிறவர் பட்டையான முனையை எடுத்தால் ண-வின் சுழிகள் அடைத்துக்கொண்டு மை உருண்டையாகிவிடும். அதே சமயம் 0.38-இல் குண்டு ரொம்பச் சின்னது என்பதால் தாளின் சொரசொரப்பு முழுக்க விரலுக்கு வரும், ஞ, இ மாதிரி திசை மாறித் திசை மாறிப் போகும் எழுத்துகளில் கீறுவதுபோலத் தெரியும். நான் 0.5 ஜெல்லோடு நின்றுவிட்டேன்.

அப்புறம் புள்ளி. பால் பாயின்ட் பேனாவில் குண்டு உருண்டால்தான் மை வரும், மெய்யெழுத்துக்கு வேகமாக ஒரு புள்ளி தட்டினால் குண்டு உருளாமலே எழும்பிவிடும், புள்ளி வெளிறியோ விழாமலோ போகும். ஒரு பக்கத்தில் எத்தனை புள்ளி வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். அதனால் புதுப் பேனாவைச் சோதிக்கும்போது வட்டம் வட்டமாகக் கிறுக்காதீர்கள், கிறுக்கலில் எல்லாப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். "கண்ணன் பந்தைத் தட்டினான்" என்று வழக்கமான வேகத்தில் நாலு தடவை எழுதுங்கள், புள்ளியெல்லாம் விழுந்திருக்கிறதா, சுழியெல்லாம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே ஒற்றைத் தாள் மட்டும் இருந்தால் எந்தப் பேனாவும் கடினமாகத் தெரியும், அடியில் நாலைந்து தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது முனை ஆடுகிறது, டிக் டிக் என்று சத்தமும் வருகிறது. பேனா மோசமா?

கிளிக் பேனாக்களில் இது சகஜம். ரீஃபில் முன்னும் பின்னும் போய்வரவேண்டும் என்பதால் முனைக்கூம்பின் ஓட்டை ரீஃபிலைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கும். நன்றாகச் செய்தவர்கள் அந்த இடைவெளியைக் குறைத்திருப்பார்கள், விலையைக் குறைக்கும்போது முதலில் கோட்டைவிடுவதும் இதைத்தான். முனையை வெளியே தள்ளி, விரல் நுனியால் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள், அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் காதுக்கும் கேட்கும்.

பேனா மற்றபடி பிடித்திருந்தால் தூக்கிப்போட வேண்டாம். கூம்பைத் திருகிக் கழற்றி, ரீஃபிலின் முனைக்குச் சற்று மேலே, ஸ்பிரிங் உட்காரும் இடத்தைத் தொடாமல், ஒட்டும் நாடாவை மெல்லிய துண்டாக ஒரே ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பல பேனாக்களில் ஆட்டம் அத்தோடு நின்றுவிடும். இரண்டு சுற்று ஆகிவிட்டால் கிளிக் மாட்டிக்கொள்ளும், ஒன்றோடு நிறுத்துங்கள்.

மூடி போட்ட பேனாவா, கிளிக் பேனாவா?

அடிக்கடி எடுத்து இரண்டு வரி எழுதி வைக்கிறவருக்குக் கிளிக். உட்கார்ந்து நீளமாக எழுதுகிறவருக்கு மூடி. மூடிப் பேனாவில் பாகங்கள் குறைவு, முனை ஆடாது, ஜெல் மையும் சீக்கிரம் காயாது. எண்ணெய் மைக்கு மூடியே இல்லாவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. மூடும்போது டக் என்று ஒரு சத்தம் வரவேண்டும், அது வராமல் சும்மா வழுக்கி உட்காரும் மூடி சட்டைப் பையில் ஒருநாள் கழன்றுவிடும்.

இடது கைக்காரர்கள் என்ன பார்க்க வேண்டும்?

எழுதிய வரியின்மேலேயே கை போகும் என்பதால் சீக்கிரம் காயும் மை முக்கியம். ஒரு சொல் எழுதி, ஐந்து எண்ணி, விரலால் துடையுங்கள். பூசினால் வேண்டாம். ரொம்ப மெல்லிய முனையும் தள்ளி எழுதும்போது தாளில் குத்தும், 0.5 அல்லது 0.7 பாருங்கள்.

ரீஃபில் மாற்ற முடியுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திருகித் திறக்கிறதா என்று பாருங்கள், திறந்து உள்ளே இருப்பதை அளந்தும் பாருங்கள். பார்க்கர் பாணி ரீஃபில் 98 மி.மீ. நீளம், கொஞ்சம் தடிமனாக இருக்கும், பல நிறுவனங்கள் செய்கின்றன. டி1 என்ற சின்ன வகை 67 மி.மீ. நீளம், 2.35 மி.மீ. தடிமன், அதுவும் பரவலாகக் கிடைப்பதுதான். உங்கள் பேனா இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டால் பேனா செய்த நிறுவனம் கடையை மூடினாலும் பேனா ஓடும். ஒரு எச்சரிக்கை: பார்க்கர் பாணிக்குத் தரநிலைப் பெயர் ஜி2, பைலட் நிறுவனத்தின் ஜெல் பேனா ஒன்றுக்கும் பெயர் ஜி2, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தாது. பெயரை நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

ரீஃபில் மாற்றவே முடியாதபடி ஒட்டிவிட்ட பேனாவை எளிய வடிவமைப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நல்ல உடலை மை தீர்ந்ததும் குப்பையில் போடச் சொல்கிறார்கள்.

வெள்ளை உடல் அழுக்காகுமா?

ஆகும். சொரசொரப்பான வெள்ளை, விரல் படும் இடத்தில் முதலில் பழுப்பாகும். ஈரத்துணியில் சோப்பு தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

விலை குறைந்த இங்க் பேனாவில் இந்த வகை இருக்கிறதா?

இருக்கிறது, பழகிவிட்டால் அழுத்தமே வேண்டாத சுகம் அதில்தான். பைலட் ககுனோவைப் பாருங்கள்: கிளிப் கிடையாது, ஆனால் உடல் ஆறு பட்டை என்பதால் உருளாது, பிடிக்கும் இடம் மட்டும் மெதுவான முக்கோணம், நிப்பில் சின்னச் சிரித்த முகம். முகம் மேலே பார்த்தால் பேனாவைச் சரியாகப் பிடித்திருக்கிறோம் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும். முக்கோணப் பிடி விரல் எங்கே இருக்கவேண்டும் என்று தானே முடிவு செய்யும், உங்கள் பிடி வேறு மாதிரி என்றால் அதன் விளிம்பு உறுத்தும். பிளாட்டினம் நிறுவனத்தின் பிரெப்பி பேனாவில் பிடி உருண்டையானது, அந்தச் சிக்கல் இல்லை, மூடிக்குள் காற்றுப் புகாமல் அடைக்கும் இன்னொரு உள்மூடி இருப்பதால் மாதக்கணக்கில் தொடாமல் வைத்தாலும் எழுதும்.

நேற்றுவரை நன்றாக எழுதிய பேனா திடீரென்று விட்டு விட்டு எழுதுகிறது, என்ன செய்யலாம்?

கீழே விழுந்ததா என்று முதலில் யோசியுங்கள். விழவில்லை என்றால் முனையில் மை காய்ந்திருக்கும். எண்ணெய் மை என்றால் ரப்பர் செருப்பின் அடியிலோ அழிப்பானிலோ நாலு தடவை உரசினால் குண்டு சுழல ஆரம்பிக்கும், ஜெல் என்றால் முனையை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்துத் துடைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். முனை கீழே வருமாறு விழுந்திருந்தால் குண்டைப் பிடித்திருக்கும் விளிம்பு நசுங்கியிருக்கும், அதைச் சரிசெய்ய வழி கிடையாது. ரீஃபிலை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, உடல் உங்கள் விரலுக்குப் பொருந்தியது என்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ரீஃபில் அதில் போகும்.